ஏவுவாரின்றி எழும் ஒழுங்கு

எறும்புச் சாரையைக் காணாதார் இலர். புற்றினின்றும் இரையை நோக்கிச் செல்லும் அவ்வழியை வகுத்தவர் யார் என வினவின், ஒருவருமிலர் என்பதே விடை. அரசி எறும்பு முட்டையிடுமேயன்றி ஆணையிடுவதில்லை. செல்லும் வழியில் ஒருவகை வாசனையை இட்டுச் செல்வதும், வாசனை மிகுந்த வழியே நடப்பதுமே பல எறும்பினங்கள் கைக்கொள்ளும் விதி. குறுகிய வழியிற் சென்றவை விரைந்து மீளுதலால் அவ்வழியில் வாசனை முந்தி மிகுகிறது. பின்வருவனவும் அதனையே நாடுகின்றன. இரு வழிகளையும் அளந்து பார்த்த எறும்பு ஒன்றேனும் இல்லை. ஆயினும் கூட்டம் குறுவழியைக் கண்டுகொள்கிறது.

எளிய விதிகளால் நன்மையே விளையுமோ எனின், அவ்வாறும் சொல்லுதற்கில்லை. அமெரிக்கப் பொருளியலறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1971-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இருவகைக் குடிகளுக்கு ஈடாக இருவகைக் குறிகளைக் கட்டங்களிற் கலந்து வைத்தார். அயலாரிற் பாதிப்பேர் அளவில் தம் இனத்தவர் இருந்தாற் போதும். அதனினும் குறையின் வேறிடம் பெயர்வர். இவ்வளவே விதி. கலந்து வாழ இசைந்தவரே அனைவரும். ஆயினும் பலர் பெயர்ந்து முடிந்தபின் இரு இனத்தவரும் பெரும்பாலும் தனித்தனியே பிரிந்து நின்றனர். எவரும் வேண்டாத பிரிவினை எல்லோராலும் விளைந்தது. இக்குற்றம் யாரைச் சாரும்?

"ஏவினவன் இல்லை, ஆதலின் குற்றவாளியும் இல்லை" என்பர் சிலர். "ஒருவன் திருந்தினால் உலகம் திருந்துமோ?" என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் பொருந்தா. ஒரு குடி பெயர்ந்தவுடன், அங்கே எஞ்சிய அதன் இனத்தானுக்கு ஒரு துணை குறைகிறது. அவனும் பெயர்கிறான், அவனைத் தொடர்ந்து அவன் அயலானும் பெயர்கிறான். ஒருவன் செயல் அவனளவில் நின்றுவிடுவதில்லை.

திருவிழாவிற்கு வரும் அன்பர்கள் இதனை வாயிலிலேயே உணரலாம். குறுகிய வாயிலில் அனைவரும் முந்த முயலின் அனைவரும் பிந்துவர் என்பதனை டிர்க் ஹெல்பிங் முதலிய அறிஞர் 2000-ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினர். அந்நெரிசலில் பிறரை நசுக்க எண்ணியவர் எவருமிலர்; சற்றே முந்தலாம் என்று எண்ணியவர் பலர். முதியோரும் குழந்தைகளும் துன்புறுவதற்கு அவ்வெண்ணமே போதுமானது.

கூட்டம் முழுவதையும் ஆளும் வல்லமை ஒருவனுக்கில்லை. எனினும் தன் விதியை மாற்றிக்கொள்ளும் உரிமை எறும்பிற்கு இல்லை, மனிதனுக்கு உண்டு. தான் கொண்ட விதியையே எல்லோரும் கொண்டால் யாது விளையும் என்று எண்ணிப் பார்த்து, ஓரடி பின்னிற்பவன் தன் பங்கைச் செய்தவனாகிறான். அவன் விட்ட அவ்வோரடியில் அயலானுக்கு மூச்சுவிட இடம் பிறக்கிறது.