விரதமும் உணவும்



இச்சரீரம் சிவபெருமானை வழிபடுதற்பொருட்டு அவராலே தரப்பட்ட கருவி. சரியையும் கிரியையும் இதனைக்கொண்டே செய்யப்படுவன. திருமூலர் உடம்பை ஓம்பியதும், திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே உண்ணுமுறையை முன்வைத்து வைத்தியனைப் பின்வைத்ததும் இதுபற்றியன்றோ? இவற்றைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாம், நம்முடைய கலத்திலே என்ன இடப்படுகின்றது என்று பார்ப்பது அரிது.

எம்மோடு கற்பித்த ஆசிரியர் ஒருவர் நீரிழிவுடையவர். கந்தசஷ்டியிலே உணவை விடுத்தவர் காலைக் குளிசையை விடுத்தாரல்லர். மூன்றாம் நாள் கரும்பலகையின் முன்னே வியர்த்து நடுங்கிச் சாய்ந்தார். விரதக் களைப்பென்றே எண்ணினோம். இரத்தத்திலே சர்க்கரை தாழ்ந்துவிட்டதென்று உணர்ந்த ஒருவர், நினைவு தப்புமுன் சீனி கரைத்த நீரைப் பருகுவித்தமையாற் பிழைத்தார்.

இனி, மற்றைப் பக்கத்தையும் பாருங்கள். பகலெல்லாம் உபவாசமிருந்து, மாலையிலே தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைக் குவித்து, வடையும் பாயசமும் சேர்த்து, சீனி மிகுந்த தேநீரும் அருந்துவோர் எத்தனை பேர்! மரக்கறி உண்பவருக்கு இரத்த அழுத்தம் வாராதென்பது மயக்கமே. அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றிலும் உள்ள உப்பு யாருடைய சமயத்தையும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு விதித்த உப்பின் எல்லை 5 கிராமுக்கும் குறைவு; அஃது ஒரு தேக்கரண்டியளவே.

அரிசியைத் தீட்டுங்கால் தவிட்டோடு நாரும் உயிர்ச்சத்தும் நீங்குகின்றன. 1890களிலே ஜாவாவில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் நரம்பு தளர்ந்து விழுந்தமையையும், தீட்டாத அரிசியாலே தேறினமையையும் கண்டார். 1929இல் நோபெற் பரிசிலிற் பங்கு பெற்றார். நெல்லை அவித்துக் குற்றும் நம்மவர் வழக்கம் அச்சத்திற் சிறிது பங்கை அரிசியினுள்ளே புகுத்திக் காப்பது. அதனை விடுத்து வெண்மையை விரும்பினோம்.

வெந்தயம் முதலியவற்றிலுள்ள நீரிற் கரையும் நார், குடலிலே கூழ்போலத் தடித்து, சர்க்கரை இரத்தத்திற் கலக்கும் விரைவைத் தணிக்கும். பித்தநீரைப் பற்றிக்கொண்டு வெளியேறுதலாற் கொலஸ்திரோலையும் குறைக்கும். குரக்கனில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. பயறும், முருங்கையிலையும், நம் பனையின் ஒடியலும் வேலிக்குள்ளேயே கிடைப்பன.

ஆயினும் ஒன்று கூறாதுவிடின் யாம் பிழை செய்தவராவோம். குரக்கன்பிட்டை எவ்வளவும் உண்ணலாமென்பது தவறு. நுண்ணிதாக அரைத்த குரக்கன்மாவும் சர்க்கரையாய் முடியும் மாச்சத்தே. பாகற்சாற்றை நம்பி இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே கேடு. உணவு மருந்துக்குத் துணை. மருந்தின் இடத்திற்கு அது வாராது.

கோயில் அன்னதானத்திலே கீரையும் பயறும் மிகுதியாகவும் பாயசம் சிறிதாகவும் இடுவதற்குத் தருமகர்த்தாக்களிடம் பேசுதல் ஆசிரியர்க்கு எளிது. ஊரார் நம் சொல்லைக் கேட்பர். நோயுடையார் விரதத்தின்முன் வைத்தியரை வினாவுமாறு சொல்லுதலும் அவ்வாறே.

முன் கூறிய ஆசிரியர் மறு ஆண்டு வைத்தியரைக் கேட்டுக் குளிசையின் அளவை மாற்றுவித்து, இருவேளை அளவோடு உண்டு விரதங் காத்தார். ஆறாம் நாட் சூரன்போருக்கு எம்மோடு நடந்தே வந்தார்.