திருகாணியும் மனச்சாட்சியும்

என்னிடம் ஒரு பழைய அம்பாஸடர் கார் இருந்தது. 2014-இல் உத்தரப்பாராத் தொழிற்சாலையில் அந்த வண்டி செய்வதையே நிறுத்திவிட்டார்கள். என்னுடையதற்கு அதற்கு முன்பே நரை கண்டுவிட்டது. திண்டுக்கல்லில் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லவே, திருச்சியிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மணப்பாறை தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், எஞ்சின் இரண்டு முறை குலுங்கி அணைந்துவிடும். வையம்பட்டியில் சாலையோரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். தடுமாறிய சத்தம் சட்டென்று சீராயிற்று. சிறிது நேரத்தில் மறுபடியும் தடுமாறியது.

“கேஸ்கெட் காஞ்சு போச்சு சார். அந்த இடுக்கு வழியா வெளிக்காத்தை இழுக்குது. வேகமாப் போறப்ப உள்ளே நிறையக் காத்து போகும். இந்தத் திருட்டுக் காத்து தெரியாது. நிக்கறப்ப போறதே கொஞ்சம். அதிலே இதுவும் கலந்தா பெட்ரோல் பத்தாம அணைஞ்சிடும்.”

விற்கப் போகிற வண்டி என்றேன்.

“அப்ப ரெண்டு வழி இருக்கு. கேஸ்கெட் மாத்தினா சாயங்காலம் ஆயிடும். இல்லேன்னா இந்த ஸ்குரூவைக் கொஞ்சம் முறுக்கிடறேன். எஞ்சின் உரக்க ஓடும், அணையாது. வாங்கறவருக்குத் தெரியாது.”

என் மனம் ஸ்குரூவின் பக்கம்தான் ஓடிற்று. நான் பொய் சொல்லப் போவதில்லையே! பேசாமல் இருப்பது எப்படிப் பொய்யாகும்?

இது மிகப் பழைய வழக்கு. குறையுள்ள வீட்டை விற்பவன் வாய் திறக்காமல் இருக்கலாமா என்று ரோமாபுரி அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் எழுதிய நூலில் விவாதிக்கிறார். ‘வாங்கு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே’ என்பது ஒரு கட்சி. ‘தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் விடுவது, வழி கேட்டவனுக்குக் காட்ட மறுப்பதைவிடக் கொடியது’ என்பது மறு கட்சி. சிசரோ இரண்டாம் கட்சிதான். நான் அன்று முதல் கட்சி.

“முறுக்கிவிடுங்கள்” என்றேன்.

அவர் ஸ்குரூடிரைவரை எடுத்தார். பிறகு நிமிர்ந்து, “அவரும் இந்த ரோட்டிலேதானே சார் வரப்போறாரு? எவன்யா இதை இப்படி முறுக்கி வச்சதுன்னு என்கிட்டேயே கேப்பாரு. நான் என்ன சொல்றது?” என்று கேட்டார்.

கேலி இல்லை, உண்மையாகவே பதில் தெரியாமல்தான் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

மணப்பாறை மாட்டுச் சந்தையை நினைத்துக்கொண்டேன். அங்கே வாங்குகிறவன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். பார்க்கத் தெரியாமல் ஏமாந்தால் அவன் பாடு என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் செய்யச் சொன்னது பல்லையே மாற்றி வைக்கும் வேலை. நாக்கு மௌனமாக இருக்கும். கை பொய் சொல்லிவிடும். அதுவும் என் கை அல்ல, நாள் கூலிக்கு உழைக்கும் இன்னொருவர் கை.

மாலை வரை காத்திருந்து கேஸ்கெட்டை மாற்றிக்கொண்டேன். திண்டுக்கல்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது, “வேறே ஏதாவது குறை உண்டா?” என்றார். இரண்டு சொன்னேன். அவர் உடனே விலையைக் குறைத்தார்.

நஷ்டம்தான். ஆனாலும் திண்டுக்கல் போகும்போதெல்லாம் வையம்பட்டியில் இறங்கி, அந்தப் பெரியவரோடு ஒரு டீ குடிக்க முடிகிறது.