பால்வீதியின் பட்டையும் நமது அவசரமும்

வானங்களின் படைப்பைச் சிந்தித்துப் பார்க்கும்படி திருமறை நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. நம்மில் சிலரோ சிந்திப்பதை விட்டுவிட்டு, விஞ்ஞானச் செய்தி ஒன்று வந்த மறுநாளே, "இது இன்ன ஆயத்தில் அன்றே சொல்லப்பட்டுவிட்டது" என்று மேடையேறி முழங்கிவிடுகிறார்கள். இந்த அவசரம் எத்தகைய சங்கடத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்கு, நாம் குடியிருக்கும் பால்வீதி மண்டலத்தின் வரலாறே போதும்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் வானநூல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964 வாக்கில் எழுதிய நூலில், ஆண்ட்ரோமெடா மண்டலத்தை ஒரு சிறு மேகமாகக் குறித்தார். கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார். அது கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்ட தனி மண்டலம் என்பது 1920-களில், ஹப்பிள் என்ற அறிஞரின் ஆய்வால்தான் உறுதியாயிற்று.

அதே ஹப்பிள் 1926-இல் சுருள் மண்டலங்களை இரு வகையாகப் பிரித்தார். ஒன்றில் சுருள் கைகள் நடுவிலுள்ள உருண்டையிலிருந்தே கிளம்பும். மற்றதில் நடுவே நீண்ட பட்டையொன்று கிடக்க, அதன் இரு முனைகளிலிருந்து கைகள் கிளம்பும். பட்டை என்றதும் இரும்புக் கம்பி என்று எண்ணிவிட வேண்டாம். அவ்வளவும் நட்சத்திரங்களே! வட்டமாகச் சுற்றிவந்த நட்சத்திரங்களின் பாதைகள், ஒன்றையொன்று ஈர்க்கும் ஈர்ப்பினால் நீண்டு, ஒரே திசையில் ஒழுங்குபடும்போது பட்டை உருவாகிறது. பிறகு அது சும்மா இருப்பதில்லை. வெளியிலுள்ள வாயுவை மையத்தை நோக்கித் தள்ளுகிறது. அங்கே புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. தன் சுழற்சி வேகத்தைச் சிறிது சிறிதாக வெளிப்புறத்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் மெதுவாகிறது, நீளுகிறது. வயதாக ஆக நடுப்பகுதி மேலும் கீழும் தடித்து, பக்கவாட்டில் பார்த்தால் வேர்க்கடலை போலத் தோன்றுகிறது. சுப்ஹானல்லாஹ்!

இனி நமது மண்டலத்துக்கு வருவோம். பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள மண்டலங்களின் பட்டை தெரிந்தது, நம்முடையது தெரியவில்லை. வீட்டுக்குள் இருப்பவனுக்குத் தன் வீட்டின் முகப்புத் தெரியுமா? நாம் தட்டுக்குள் இருக்கிறோம். தூசி வேறு மறைக்கிறது. இதிலும் பட்டை இருக்கக்கூடும் என்று 1964-இல் தெ வாக்கூலர் என்பவர் சொன்னபோது அதற்குப் பெரிய ஆதரவு இல்லை. தூசியை ஊடுருவும் அகச்சிவப்புக் கதிர்களின் உதவியால் 1991-இல் வலுவான சான்று கிடைத்தது. 2005-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி, பட்டையின் நீளம் சுமார் 27,000 ஒளியாண்டுகள் என்று காட்டியது.

1970-இல் ஒருவர் பட்டையில்லாத பழைய படத்தை ஓர் ஆயத்தோடு முடிச்சுப் போட்டிருந்தால், 2005-க்குப் பிறகு அவர் எதைத் திருத்துவார்? படத்தையா, ஆயத்துக்குத் தாம் சொன்ன பொருளையா?

திருத்தம் அத்தோடும் நிற்கவில்லை. இன்று சுருள் மண்டலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை உண்டு. 700 கோடி ஆண்டுகளுக்கு முன் ஐந்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது என்று 2008-இல் கணக்கிட்டார்கள். ஆனால் 1,100 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மண்டலத்திலேயே பட்டை இருந்ததை 2023-இல் வெப் தொலைநோக்கி காட்டிவிட்டது. தன் சொல்லைத் திருத்திக்கொள்வதில்தான் விஞ்ஞானத்தின் நாணயம் இருக்கிறது. இறைவசனத்தை ஏன் அந்தத் தராசில் ஏற்ற வேண்டும்?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிலவில்லாத இரவொன்றில், இஷாத் தொழுதபின் பிள்ளைகளை ஊருக்கு வெளியே இருட்டான இடத்துக்கு அழைத்துச் சென்று, தெற்கு வானத்தைக் காட்டுங்கள். தனுசு நட்சத்திரங்களுக்கருகே பால்வீதி தடித்துத் தெரியும். அந்தத் தூசிக்குப் பின்னால்தான் பட்டை இருக்கிறது.