சோர்வில் கர்த்தரைச் சார்ந்திருத்தல்

உடலும் மனமும் ஓய்ந்த நேரத்தில் கடவுளைச் சார்ந்திருப்பதை, இழந்த தெம்பு உடனே திரும்பிவிடும் என்ற எதிர்பார்ப்பாகவே பலரும் புரிந்துகொள்கிறார்கள். வேதாகமம் காட்டுவது இதைவிட ஆழமானது. தன் சக்திக்கு ஓர் எல்லை உண்டு என்று மனிதன் ஒப்புக்கொள்கிறான். அந்த எல்லைக்குள்ளேயே கடவுள் செயல்படுவார் என்று நம்புகிறான். இவ்விரண்டும் சேர்ந்ததே கிறிஸ்தவச் சார்பு.

எலியாவின் கதையில் இது துலங்குகிறது. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளை எதிர்த்து நின்ற அதே மனிதர், அரசி யேசபேலின் மிரட்டலைக் கேட்டதும் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டுகிறார். அங்கே அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. அவர் உறங்கினார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் அருகே இருந்தன. உண்டு மறுபடி உறங்கினார்; மறுபடியும் உணவு கொடுக்கப்பட்டது. கடவுளின் பேச்சு அதற்குப் பின், ஓரேப் மலையில்தான். தான் ஒருவனே மிஞ்சியதாக அவர் முறையிட்டபோது, இன்னும் 7000 பேர் இருப்பது தெரிவிக்கப்பட்டது. பணியைத் தொடர எலிசாவும் காட்டப்பட்டார். பசியையும் தூக்கமின்மையையும் தனிமையையும் விசுவாசக் குறைவு என்று சொல்லிச் சோர்ந்தவரை மேலும் வருத்துவது இந்த வேதப்பகுதிக்கு நேர் எதிரானது.

பவுலின் நிலை வேறு. மாம்சத்தில் குத்திய முள் நீங்க அவர் மூன்று முறை வேண்டினார், அது நீங்கவில்லை. கிருபை போதும் என்பதே கிடைத்த பதில். அந்த முள் என்னவென்று கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவர் விளக்கவில்லை. அதனாலேயே எந்த நோயாளியும் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க முடிகிறது.

யோவான் நற்செய்தியில் இயேசு சொல்லும் திராட்சைச்செடி உவமையை ஓடைப்பட்டி வட்டாரத் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கவாத்து செய்த கொடி பந்தலில் மொட்டையாகக் கிடக்கும்; ஏறக்குறைய 120 நாளில் அதிலேயே குலை வெட்டுவார்கள். அறுவடை முடிந்ததும் கொடிக்கு ஓய்வு விட்டுத்தான் அடுத்த கவாத்து. கொடியில் ஒட்டியிருப்பது மட்டுமே கிளையின் வேலை. காய்ப்பதற்கான உயிர் செடியிலிருந்து வருகிறது. வெட்டுப்பட்ட காலத்தையும் ஓய்வுக் காலத்தையும் கைவிடப்பட்ட காலமாக விசுவாசி எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

நெல்லைச் சீமையின் டோனாவூரில் இதை வாழ்ந்து காட்டியவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்த அவர், 1901 முதல் ஆதரவற்ற குழந்தைகளுக்கு அங்கே அடைக்கலம் தந்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் தவறி விழுந்து கால் முறிந்தது. சுகம் வேண்டி ஜெபங்கள் நடந்தன. பழைய உடல்நிலை திரும்பவில்லை. 1951 ஜனவரி 18-இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே பல நூல்களை எழுதினார். 1933-இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதியது. சுகமாயிருப்போர் எழுதும் ஆறுதல் படுக்கையில் கிடப்பவரைச் சென்று சேர்வதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். இல்லத்தின் அன்றாடப் பொறுப்புகள் மற்றவர் கைக்குப் போயின. அதை அவர் அனுமதித்ததும் சார்ந்திருத்தலின் ஒரு பகுதியே.

தாமே ஜெபிக்கவும் தெம்பில்லாத நிலை உண்டு. அப்போது சபையின் மூப்பர்களை வரவழைக்கும்படி யாக்கோபு எழுதுகிறார். அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே அவனிடம் பேசினார் என்கிறார் மாற்கு.