வெல்லப்போவது யார்?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் புறநகர்ப் பகுதிகளில் ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியிலும், குரோம்பேட்டைத் தேநீர்க் கடைகளிலும், பல்லாவரம் சந்தையிலும், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் கூடி நிற்கும் இளைஞரிடையேயும் அதே கேள்விதான்: "இந்த வருஷம் கப்பு யாருக்கு?" ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கிய 2008ஆம் ஆண்டு முதல் இக்கேள்வி ஓய்ந்ததில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு விடை உண்டு; அது பெரும்பாலும் ஐயத்துக்கு இடம் தராத விடை.

இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சுத்தானே, இதில் அறநெறிக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நாளை நடக்கவிருப்பதைக் குறித்து இன்று எவ்வளவு உறுதியோடு பேச நமக்கு உரிமை உண்டு என்ற பழைய கேள்வி இச்சிறு பேச்சுக்குள் இருக்கிறது. ஆகவே இதைச் சற்றுப் பொறுமையோடு ஆராய்வது பயனுள்ளதே.

புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பு நூலில், குறி பார்த்தலைப் பற்றி ஆராயும் இடத்தில், வருங்கால நிகழ்வுகளை மூவகையாகப் பிரிக்கிறார். முதல் வகை, தம் காரணங்களிலிருந்து தவறாமல் விளைபவை. வானியலார் கிரகணத்தை முன்கூட்டியே கூறுவது இவ்வகை. இரண்டாம் வகை, பெரும்பாலும் விளைந்து சிலவேளை பொய்ப்பவை. மழையை எதிர்பார்ப்பதும், நோயாளி தேறிவிடுவார் என மருத்துவர் சொல்வதும் இவ்வகை. மூன்றாம் வகை, இப்படியும் ஆகலாம் அப்படியும் ஆகலாம் என்பவை. சிறப்பாக, மனிதரின் சுதந்திரத்தைச் சார்ந்தவை. இவற்றை உறுதியாக அறிபவர் இறைவன் ஒருவரே. முதல் இரண்டையும் முன்னுரைப்பதில் தவறில்லை. மூன்றாவதை அறிந்துவிட்டதாகச் சாதிப்பது நமக்கு உரியதல்லாத இடத்தில் கால் வைப்பதாகும்.

ஓர் அணியின் வெற்றி இவற்றுள் எவ்வகை? இரண்டாம் வகைபோலத் தோன்றி மூன்றாம் வகைக்கு நழுவிவிடும் நிகழ்வு அது என்பதற்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் வரலாறே சான்று. இரண்டாண்டுத் தடைக்குப்பின் 2018இல் திரும்பிய அந்த அணியை, வயது முதிர்ந்தோர் நிறைந்த 'அப்பாக்கள் படை' என்று பலர் நகைத்தனர். அவ்வாண்டுக் கோப்பை அதற்கே கிடைத்தது. 2020இல், தான் பங்கேற்ற தொடர்களில் முதன்முறையாக முதல் நான்கு இடங்களுக்குள் வரத் தவறியது, 2021இல் வென்றது. 2022இல் பத்து அணிகளில் ஒன்பதாவது. 2023இல் ஐந்தாம் முறையாகக் கோப்பை. இனி இது மாறாத வழக்கம் என்று எண்ணியிருந்த வேளையில், 2025இல் பதினான்கு ஆட்டங்களில் நான்கை மட்டுமே வென்று, முதன்முறையாகக் கடைசி இடத்துக்குச் சென்றது. பதினேழு தொடர்களாகக் கோப்பையைக் காணாத பெங்களூரு அணி அவ்வாண்டு வாகை சூடியது. 2008க்குப்பின் சேப்பாக்கத்தில் சென்னையை வெல்ல முடியாதிருந்த அதே அணி, அந்த ஆண்டில் அங்கும் வென்றது.

கணக்கும் இதையே உணர்த்துகிறது. பத்து அணிகளும் சமபலம் உடையவை என்றால், ஓர் அணியின் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஓர் அணிக்கு மட்டும் மற்ற ஒவ்வோர் அணியையும்போல இரு மடங்கு வாய்ப்பு உண்டு எனக் கொண்டாலும், அது பதினொன்றில் இரண்டே. ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. அதாவது, மிகச் சிறந்த அணியும் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். அமெரிக்கர் போற்றும் பேஸ்பால் விளையாட்டில் ஒவ்வோர் அணியும் ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அங்கு நூறு ஆட்டங்களை வெல்லும் அணி மிகச் சிறந்ததாக மதிக்கப்படுகிறது. அந்த அணியும் அறுபத்திரண்டில் தோற்கிறது. அத்தனை ஆட்டங்கள் ஆடியும் தம் பிரிவில் முதலிடம் யாருக்கு என்று அங்குள்ளோர் ஆண்டுதோறும் கணித்து ஏமாறுகின்றனர் என்றால், பதினான்கே ஆட்டங்களை வைத்து நாம் எதை உறுதியாகச் சொல்ல முடியும்?

2023ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், நள்ளிரவு கடந்து நீண்ட அந்த அகமதாபாத் ஆட்டத்தில், கடைசி இரு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டன. ஜடேஜா ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்தார். எதிரணிக்காக 96 ஓட்டங்கள் குவித்திருந்தவரோ நம் சென்னை இளைஞரான சாய் சுதர்சன். அந்த இரு பந்துகளில் ஒன்று பிசகியிருந்தால், சென்னைதான் வெல்லும் என்று சொன்னவர் பேதையாகவும், வெல்லாது என்றவர் மேதையாகவும் பெயர் பெற்றிருப்பர். இருவரின் அறிவிலும் அதனால் கடுகளவும் மாற்றம் நேர்ந்திராது. கணிப்பு பலித்தது என்பதனாலேயே ஒருவர் அறிந்து சொன்னார் என்று ஆகிவிடாது.

ஆனால் கணிப்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆட்டக்காரரின் திறத்தையும் ஆடுகளத்தின் தன்மையையும் சீர்தூக்கி, "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று நண்பரோடு வாதிடுவது அறிவின் நல்ல விளையாட்டு. அது நட்பையும் வளர்க்கிறது. அந்த 'எனக்குத் தோன்றுகிறது' என்ற சொல் உதிர்ந்து, 'எனக்குத் தெரியும்' என்ற சொல் வந்து அமரும்போதுதான் இடர் தொடங்குகிறது.

அந்த இடரின் முதல் வடிவம் பந்தயம். கிண்டிக் குதிரைப் பந்தயம் பற்றிய வழக்கில், அது திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற அதே வாதம் பின்னர் கைப்பேசி விளையாட்டுகளுக்கும் வந்தது. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை முற்றிலும் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எனினும் சட்டத்தின் கண்ணுக்குப் படாமல் இருவர் கைகுலுக்கிப் பந்தயம் கட்டுவதை யார் தடுக்க இயலும்? ஆகவே மனச்சான்றும் பேச வேண்டியிருக்கிறது. பந்தயம் தன்னிலேயே நீதிக்கு முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி கூறவில்லை. ஒருவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் வாழ்வுக்குத் தேவையானதைப் பறிக்கும்போது அது ஏற்க முடியாததாகிறது என்றும், சூதாட்ட வெறி மனிதரை அடிமையாக்கும் என்றும் கற்பிக்கிறது. திறமையா அதிர்ஷ்டமா என்பது சட்டத்தின் கேள்வி. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த தொகையை ஒரு தந்தை எடுத்துப் பந்தயத்தில் வைக்கிறார் என்றால், அவர் எவ்வளவு திறமையோடு வைத்தார் என்பதா முதன்மையான கேள்வி? அவரிடம் இருந்தது ஒரு கருத்து. அதை அறிவென்று நம்பி, தமக்கு மட்டும் உரியதல்லாத பணத்தை அதன்மேல் வைத்தார். அவர் வென்றிருந்தாலும், அப்பணம் அவரைப் போன்ற வேறொரு தந்தையின் வீட்டிலிருந்தே வந்திருக்கும்.

இரண்டாம் வடிவம் இதனினும் நுட்பமானது. பந்தயத்தையே அறியாத நல்ல குடும்பங்களிலும் அது உண்டு. அணிகளைக் கணிக்கும் அதே உறுதியோடு நாம் மனிதரையும் கணிக்கிறோம். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து, "இவன் எங்கே உருப்படப்போகிறான்" என்கிறோம். குடியிலிருந்து மீண்டு வந்தவரைப் பார்த்து, "எத்தனை நாளைக்கு?" என்கிறோம். சேப்பாக்கத்தில் ஆடுவோர் காதில் நம் கணிப்பு விழுவதில்லை. அதனால் அவர்களுக்குக் கேடுமில்லை. நம் வீட்டுப் பிள்ளையோ அதைக் கேட்கிறான். கேட்டுக் கேட்டு, அதுவே தன் முடிவு என்று நம்பத் தொடங்குகிறான். இங்கே கணிப்பு நிகழ்வை முன்னுரைப்பதோடு நிற்பதில்லை; அதை விளைவிக்கவும் செய்கிறது. பிறகு, "நான் அன்றே சொன்னேன்" என்று பெருமை பேசவும் நாம் தயங்குவதில்லை.

ஒன்பதாம் இடத்திலிருந்த அணி மறு ஆண்டே வென்றபோது வியந்து மகிழ்ந்த நாம், அத்தகைய மறு ஆண்டை நம் பிள்ளைக்கு ஏன் மறுக்கிறோம்? 2025இல் தம் அணி கடைசி இடத்துக்குச் சென்ற பின்னும் மஞ்சள் சட்டையோடு சேப்பாக்கம் சென்றவர்கள், வெற்றியைக் கணித்தா சென்றார்கள்? இல்லை, அன்பினால் சென்றார்கள். கிறிஸ்தவ மரபு எதிர்நோக்கு என்று அழைக்கும் புண்ணியத்தின் மங்கலான சாயல் ஒன்று அதிலும் உண்டு. நாசரேத்து ஊரிலிருந்து நன்மை வருமா என்று நத்தனியேல் ஐயுற்றபோது, பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. நேரில் வந்து காணும்படி அழைத்தார். கோப்பை யாருக்கு என்று கணிப்போம், வாதிடுவோம், பொய்த்தால் சிரித்துக்கொள்வோம். மனிதரைப் பற்றியோ தீர்ப்பைத் தள்ளி வைப்போம், அருகிலிருந்து காத்திருப்போம்.