ஒன்றிலிருந்து தொடங்கு!

நள்ளிரவில் மட்டும் உனக்கு எங்கிருந்து வருகிறது அந்தத் துணிச்சல்?

கட்டுகஸ்தோட்டையில் ஓர் அறை. கையில் மவுஸ். திரையில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக். இரவிரவாய்ச் சுரங்கம் தோண்டி, இரும்படித்து, நீ வளர்த்தெடுத்த கொல்லர் தொழில் 300 புள்ளியில் நிற்கிறது. கிளாசிக்கில் அதற்கு மேல் படியே கிடையாது.

அதை ஒரே அழுத்தில் தூக்கி எறிந்தாய்!

கூட்டாளிகளுக்கு மருந்து காய்ச்ச ஆள் வேண்டியிருந்தது. ஒருவருக்கு இரண்டு முதன்மைத் தொழில்தான் என்பது அங்கே சட்டம். ஒன்றை மறந்தால்தான் இன்னொன்றைப் பழகலாம். மறந்தாய். 300 போனது. தேடித் தேடிச் சேர்த்த செய்முறைகள் போயின. ரசவாதம் சொல்லித்தரும் ஆசானுக்கு முன்னால் போய் நின்றாய். உன் பெயருக்கு எதிரே 1.

அழுதாயா? இல்லை! மருந்து காய்ச்ச உட்கார்ந்தாய்.

காலை எட்டு மணிக்கு அந்த ஆள் எங்கே போனான்?

கண்டி குட்ஷெட்டில் பஸ்ஸை விட்டிறங்கி, பிடிக்காத கடைக்குள் தலையைக் குனிந்துகொண்டு நுழைகிறாயே, அது யார்? "இத்தன வருசம் இதிலயே போயிருச்சு, இனிமே எங்க போயி புதுசா பழகுறது?" என்று தேத்தண்ணீர்க் கடையில் புலம்புகிறாயே, அது யார்?

விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு என்பாய். எனக்கும் தெரியும். உன் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. அதையும் பேசுவோம். முதலில் இதற்குப் பதில் சொல்.

அந்த விளையாட்டில் செய்முறைகளுக்கு நிறம் உண்டே, நினைவிருக்கிறதா? செம்மஞ்சள் என்றால், செய்தவுடன் புள்ளி நிச்சயம். மஞ்சளில் பெரும்பாலும் கிடைக்கும். பச்சையில் எப்போதாவது. சாம்பல் நிறம் வந்துவிட்டால்? ஆயிரம் தரம் செய்தாலும் ஒரு புள்ளி ஏறாது!

உன் வேலை எப்போது சாம்பலானது?

கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமை பேசுகிறாய். கண்ணை மூடிக்கொண்டுதானே செய்கிறாய்! இந்த வேலையில் நீ கடைசியாகப் புதிதாய் ஒன்றைக் கற்றுக்கொண்டது எந்த வருடம்? யோசிக்காமல் சொல் பார்க்கலாம்!

வார்த்தை வரவில்லை. சாம்பலுக்கு அனுபவம் என்று பெயர் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.

நிமிர்ந்து அந்த மலைகளைப் பார். ஹந்தானை. கலஹா. தெல்தோட்டை. ஆதிகாலம் தொட்டுத் தேயிலைதான் என்று நினைத்தாயா?

கோப்பியடா, கோப்பி!

1867இல் கண்டிக்கு ரயில் வந்ததே கோப்பி மூட்டைக்காகத்தான். 1870களில் இந்தத் தீவில் இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் கோப்பி. அசைக்க முடியாத தொழில் என்று வங்கிகள் நம்பின. துரைமார் நம்பினார்கள்.

1869இல் இலைக்கு அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. பூஞ்சை நோய். இலை உதிர்ந்தது. காய்ப்பு குறைந்தது. சுமார் இருபது வருடத்தில் அந்தப் பெரிய தொழில் படுத்தேவிட்டது!

கையைப் பிசைந்துகொண்டு நின்றார்களா? சிலர் நின்றார்கள். கடனில் மூழ்கிக் கப்பல் ஏறினார்கள். மற்றவர்கள் சிங்கோனாவுக்குப் பாய்ந்தார்கள். மலேரியாவுக்குக் கொயினா மருந்து எடுக்கிற பட்டை அது. எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டார்கள். சந்தையில் பட்டை குவிந்தது. 1880களில் விலை மண்ணைக் கவ்வியது.

மாறினார்கள். மாறியதிலும் தோற்றார்கள்!

"ஒரு தரம் வேற வேலைக்குப் போயி அடிபட்டு வந்துட்டேன்" என்று மூலையில் முடங்கிக் கிடப்பவனே, இது உனக்கு! சிங்கோனாவோடு இந்த மலை நின்றுபோயிருந்தால் இன்றைக்கு இங்கே என்ன இருந்திருக்கும்?

மூன்றாவதுதான் தேயிலை. 1900 ஆகும்போது மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது.

இதில் நீ உற்றுப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தெல்தோட்டைக்கு அப்பால், லூல்கந்துரத் தோட்டம். ஸ்கொட்லாந்திலிருந்து பதின்ம வயதில் வந்த ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டது எப்போது? 1867இல்! கோப்பி நோய் தலைகாட்டுவதற்கு இரண்டு வருடம் முன்னால்! கோப்பி ராஜாவாய் இருந்த காலத்தில்!

கோப்பியை அவர் பிடுங்கி எறியவில்லை. அது பாட்டுக்குச் சோறு போட்டது. ஒரு மூலையில் புதுத் தொழிலைப் பழகினார்.

தொடக்கத்தில் தொழிற்சாலை இருந்ததா? பங்களா விறாந்தைதான் தொழிற்சாலை! மேசையில் இலையைப் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் காயவைத்தார்கள். 1873இல் லண்டனுக்கு அனுப்பியது எவ்வளவு தெரியுமா? 23 இறாத்தல்.

இருபத்து மூன்றே இறாத்தல்! சிரிப்பு வருகிறதா? அதுதான் அந்தத் தொழிலின் 1!

டெய்லரோடு கதையை முடித்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் தாண்டி, காட்டு வழியாக நடந்து வந்த தொழிலாளர்கள் பலர், பழம் பறித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். குடும்பமாய் லயத்தில் தங்கினார்கள். கோப்பிப் பழம் பறித்துப் பழகிய கை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளப் பழகியது. கொழுந்து எடுக்க, கவ்வாத்து வெட்ட, இலை உருட்ட. எல்லாமே புதிது!

அவர்களிடம் "விருப்பமா?" என்று எவரும் கேட்கவில்லை. வழியில் நோயில் விழுந்து செத்தவர்கள் ஏராளம். அதை வீரக்கதையாக்கி உனக்கு விற்க மாட்டேன். அது கொடுமை.

ஆனால் ஒன்று கேட்பேன். வேறு வழியே விடப்படாத உன் பாட்டன், பூட்டி அந்தக் கையை மாற்றினார்கள். வழி இருக்கிற உன் கை ஏன் மாறாது?

பயம் என்கிறாய்.

எதற்குப் பயம்? கஷ்டத்துக்கா? பொய்! தூக்கத்தைத் தொலைத்து 1இலிருந்து 300 வரை ஏறிய ஆள் நீ. கஷ்டம் உனக்குப் புதிதா?

நான் சொல்லட்டுமா உன் பயத்தை? விளையாட்டில் நீ 1இல் நிற்பதைப் பார்க்க உன் சித்தப்பா வரமாட்டார். இங்கே வருவார்! கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே "இப்ப என்ன செய்றீங்க தம்பி?" என்று கேட்பார். வேலை பழகும் இடத்தில் உன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன் "அண்ணே, அப்புடிப் புடிக்கக் கூடாது" என்று உன் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கித் திருகிக் காட்டுவான்.

அந்த ஒரு வாக்கியம்! அதைக் கேட்கக் கூடாது என்பதற்காக முப்பது வருடத்தைச் சாம்பலில் கொட்டப் போகிறாயா?

கேள்! அந்தப் பையன் சொல்வதைக் காது கொடுத்துக் கேள். அவன் சரியாகத்தான் சொல்கிறான்.

"இவ்வளவு நாள் படிச்சதெல்லாம் வீணா?" அடுத்த சாக்கு வந்துவிட்டது!

வார்கிராஃப்டில் வீண்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபைனல் ஃபேன்டஸி 14 விளையாடியவர்களைக் கேட்டுப் பார். அங்கே ஒரே ஆள் எட்டுக் கைத்தொழிலும் பழகலாம். கையில் கருவியை மாற்றினால் தொழில் மாறும். முன்னால் பழகியது ஒரு புள்ளிகூட அழியாது. வாழ்க்கை இந்த ரகம்! தையற்காரன் குஷன் வேலைக்குப் போனால் அவனுடைய அளவுக் கண் எங்கே போய்விடும்? புடவைக் கடையில் நின்றவன் சொந்தமாக வியாபாரம் தொடங்கினால், முகத்தைப் பார்த்தே வாங்குவாரா மாட்டாரா என்று சொல்லும் அந்த வித்தை மறந்துவிடுமா? மறக்கச் சொன்னாலும் உன் கை மறக்காது.

சரி, உலைக்கு வருகிறேன்.

நாளைக்கே வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவனை நம்பவும் நம்பாதே. கெட்டிக்கார ஆட்டக்காரன் என்ன செய்வான்? பழைய தொழிலை மறப்பதற்கு முன்பே மூலிகையை வாங்கி விளையாட்டின் வங்கியில் குவித்து வைப்பான். அப்புறம்தான் பொத்தானை அழுத்துவான்! முதல் நாளே மளமளவென்று ஏறுவான். நீயே அப்படிச் செய்தவன்தானே?

இங்கேயும் செய்! ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. வேலை முடிந்து வரும் அந்தி இருக்கிறது. கொஞ்சம் காசைத் தனியே ஒதுக்கு. நள்ளிரவில் திரைக்கு முன்னால் செலவழிக்கிற நேரத்தில் பாதியை இங்கே கொண்டு வா. பாதிதான் கேட்கிறேன்!

இந்த நாட்டிலும் தொழிலுக்குப் படிகள் உண்டு, தெரியுமா? தேசிய தொழில் தகைமை, 1 முதல் 7 வரை. தொழில் பழக்க நைட்டா இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது. வகுப்பில் உட்காராமல் வேலையிலேயே கை பழகியவர்களுக்கும் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. உன் பழைய தொழிலுக்கே அதை வாங்கி வைத்துக்கொள், புதியதைப் பழகும்வரை கையில் ஒரு பிடி இருக்கும்.

"வகுப்பு சிங்களத்துலதான் நடக்குமாம்." வந்துவிட்டதா இதுவும்?

தமிழில் நடக்கிறதா என்று முதலில் போய்க் கேள்! உரிமையோடு கேள்! இல்லை என்றால் சிங்களத்திலேயே பழகு! கண்டிச் சந்தையில் மரக்கறிக்காரரிடம் பத்து ரூபாய் குறைக்கச் சிங்களம் வருகிறதே, மோட்டார் கழற்ற மட்டும் வராதா?

"வயசு போயிருச்சு." போகட்டும்! சும்மா இருந்தாலும் போகும்!

"சம்பளம் கொறையுமே." குறையும்! கொஞ்ச நாள் குறையத்தான் செய்யும். வீட்டில் உட்கார்ந்து சொல், ஒளிக்காதே. எத்தனை மாதம் தாங்கும் என்று மனைவியோடு சேர்ந்து கணக்குப் போடு. அம்மாவிடமும் சொல். உன்னைவிட அவர்களுக்குத் தைரியம் அதிகம், பார்த்துக்கொள்.

இன்னும் என்ன? தேடு, தேடு, சாக்கு இருந்தால் கொண்டு வா!

இல்லையா? அப்படியானால் இந்த வாரமே நீ பழக விரும்பும் பட்டறைக்குப் போ. கராஜ் என்றால் கராஜ். பேக்கரி என்றால் பேக்கரி. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதே. உள்ளே போ! பாஸைக் கேட்டுப் பார்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. பழக வந்திருக்கேன்."

அந்தச் சின்னப் பையனுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாய்ச் சொல்!