அனுமதியில் ஒரு பண்டிகை

பண்டிகை என்றால் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி, அது தெருவின் விஷயம். ஆய்க்குடியில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் பார்க்கப் போகிறவன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அப்படிக் கேட்கவேண்டிய மனிதர்கள் உண்டென்பதும் அவன் நினைவில் இல்லை. பெரும்பான்மை என்பது முதலில் இந்த மறதிதான், எண்ணிக்கை அப்புறம்.

அவன் வேலைக்குத் துபாய் போகிறான். கடையநல்லூர் முஸ்லிமும் சுரண்டைக் கிறிஸ்தவனும் போகிறார்கள். கிறிஸ்தவன் இங்கும் சிறுபான்மை, அங்கும் சிறுபான்மை. ஆனால் இங்கே டிசம்பர் 25 அரசாங்க விடுமுறை, அங்கே அல்ல. வேலை முடிந்து, இரவில், அவன் பூசைக்குப் போகிறான். துபாயின் செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1967-ல், ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் எழுந்தது. வெள்ளிக்கிழமை வார விடுமுறையாயிருந்த வருஷங்களில் ஞாயிறு வழிபாட்டைப் பலர் வெள்ளியன்றே முடித்துக்கொண்டார்கள். 2022-ல் அமீரகம் சனி, ஞாயிறை விடுமுறையாக்கியது, உலகச் சந்தையோடு ஒத்துப்போவதற்காக. கர்த்தருடைய நாள் வியாபாரத்தின் தயவில் திரும்பிவந்தது.

நாள் மாறியதில் பெரிய இழப்பில்லை. டிசம்பர் 25-ஏ நான்காம் நூற்றாண்டு ரோமில் நிலைபெற்ற ஓர் ஏற்பாடுதான். இழப்பு, மற்றவன் கண்ணில் படாமல் போவதில் இருக்கிறது. சவூதியில் தேவாலயமே இல்லை. அங்கே பண்டிகை அறைக்கதவைச் சாத்திய பிறகுதான் தொடங்குகிறது. வாசலில் நட்சத்திரம் தொங்காத, அடுத்த வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகாத கிறிஸ்துமஸ், ஜெபமாக முழுமையானது, பண்டிகையாகக் குறைபட்டது.

இத்தனைக்கும் அந்தப் பிறப்பு இஸ்லாத்துக்கு அந்நியமில்லை. குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்துக்கு மர்யமின் பெயர். ஈஸாவின் பிறப்பை அது சொல்கிறது. இறைவனின் மகன் என்பதை மறுக்கிறது. ஆகவே நிலம் கொடுத்தவர் ஒப்புக்கொண்டு கொடுக்கவில்லை, ஒப்புக்கொள்ளாமலே கொடுத்தார். தனக்குச் சரியென்று படாததற்கு இடம் விடுவதுதான் சகிப்பு. எல்லாம் ஒன்றே என்பவனுக்கு இந்தச் சிரமம் கிடையாது. அவன் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஆனால் கொடை உரிமையாகாது. கொடுத்தவன் மனசு மாறலாம், அவன் வாரிசின் மனசும் மாறலாம். நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் ஷரத்து யார் தயவையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஷரத்து பலகாரத் தட்டை வாங்கிக்கொள்ளாது. அதற்குப் பக்கத்து வீட்டில் மனிதன் வேண்டும்.

துபாயில் ஆய்க்குடிக்காரனும் அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் கும்பிட்டான். ஊர் திரும்பியதும் பழைய மறதி அவனுக்காகக் காத்திருக்கிறது. அதற்குள் மறுபடி வசதியாக நுழைந்துகொள்வானா என்பதுதான் கேள்வி.